நல்ல காலுக்குப் போட்ட பட்டை

பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் இங்கே நலம் இரட்டிப்பாகும். நீ அனுப்பிய முழங்கால் பட்டை அளவாக இருக்கிறது, தினமும் காலையில் மறக்காமல் மாட்டிக்கொள்கிறேன், கூட வேலை செய்கிறவர்கள் விளையாட்டு வீரர் வந்துவிட்டார் என்று கேலி செய்கிறார்கள். திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை ஆரம்பம், நாற்பது நாள் ஓடும். சின்னவள் படிக்கிறாள், வாய்தான் நீளம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஊருக்கு வந்திருக்கும் உன் அறைத்தோழி நாளைக் காலை அங்கே கிளம்புகிறாளாம், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும். என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இப்படிக்கு, அப்பா.

அக்கா, தாளின் இந்தப் பக்கம் அப்பாவுக்குத் தெரியாது. அவர் போனோடு அடுத்த அறையில் படுத்துவிட்டார், நான் உன் கட்டிலில் உட்கார்ந்து விளக்கின் மேல் சட்டையைப் போட்டுவிட்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. முன்பக்கத்தில் பட்டையைப் பற்றி ஒரு பொய்கூட இல்லை, அதுதான் அப்பாவின் கெட்டிக்காரத்தனம். பட்டையைத் தினமும் மாட்டுகிறார், ஆனால் வலது காலில். அடிபட்டது இடது கால். ஏன்ப்பா என்று கேட்டதற்கு, "அது போனது போனதுதான், இனிமே இந்தக் கால்லதானே மண்டி போடணும், இதையாவது காப்பாத்திக்குவோம்" என்றார். ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அம்மா என் எதிரில்தான் சொன்னார், "உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்கு, இந்தக் கால் நடக்கும்போது மடங்காம இருக்கத்தான் பட்டை, இதை நம்பி மண்டி போட்டீங்கன்னா அடுத்தது ஆபரேஷன்தான், அப்புறம் நடக்கிறதே பெரிய விஷயம்" என்று. ஆறு வாரம் வேலைக்குப் போகக்கூடாது என்றார், அப்பா ஆறு நாள் இருந்தார். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தும் பயிற்சியை இரண்டு நாள் செய்தார், மூன்றாம் நாள் அந்தத் துண்டு டைல்ஸ் துடைக்கப் போய்விட்டது.

நேற்று மாலை மாடிப்படியில் இடது கால் மடங்கிவிட்டது. நான் ஓடி வந்தபோது நாலாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் வியர்வை, "படியில தண்ணி கொட்டினியா கழுதை" என்று சிரித்தார். படி காய்ந்துதான் இருந்தது. பிறகு, "அக்காவுக்கு எழுதிடாத, அவ வேலையை விட்டுட்டு வந்து நிப்பா" என்று என் தலைமேல் கை வைத்துச் சொன்னார். சரியென்று தலையாட்டினேன். அம்மா போனபிறகு இந்த வீட்டில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான். இன்று அவர் இல்லாதபோது முன்னறையில் இருக்கும் சிமெண்ட் மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன் அக்கா, அசையவே இல்லை, அப்பா அதைவிடக் கனம். அவர் விழுந்தால் என்னால் தூக்க முடியாது, பக்கத்து வீடும் பூட்டிக் கிடக்கிறது.

நீ வர வேண்டாம். இன்னொரு பட்டையும் அனுப்பாதே, இரண்டு கிடைத்தால் இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு மண்டி போடப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை போனில் எப்போதும்போல முகத்தை மட்டும் காட்டுவார், நீ விடாதே. போனை மேசைமேல் வைத்துவிட்டு வாசலிலிருந்து அலமாரிவரை நடந்து காட்டச் சொல், உனக்கே தோன்றிக் கேட்பதுபோல் கேள். நான் கேட்டால் குழந்தை என்பார், நீ கேட்டால் மறுக்க அவருக்கு வாய் வராது. திங்கட்கிழமைக்கு முன் நீ அவரோடு பேச அந்த ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுத்தாலும் பரவாயில்லை.

உன்னை வாழ்த்த எனக்கு வயதில்லை, அதை அப்பா முன்பக்கத்திலேயே செய்துவிட்டார். அடுத்த அறையில் மாட்டிக்கொள்வதற்காகப் பட்டையைப் பிரிக்கும் சர்ரென்ற சத்தம் கேட்கிறது, கழிப்பறைக்குப் போகக் கீழே இறங்கப் போகிறார். நான் முன்னால் போய் நாலாவது படியில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

உன் சின்னது.