முதல் பரிசு பெற்ற என் நுரையீரலைத் தகுதி நீக்கம் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
அசன் முகம்மது, வயது 51,
போர்மேன், பட்டாசு ஆலை,
விஸ்வநத்தம், சிவகாசி வட்டம்.

பெறுநர்:
முகாம் அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நுரையீரல் நல முகாம்,
விருதுநகர்.

பொருள்: முகாம் சுவரொட்டியிலிருந்து என் படத்தையும் என் யோசனைகளையும் அகற்றி, எங்கள் ஆலைத் தொழிலாளர்களுக்கு மறுபரிசோதனை நடத்த வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஜூன் மாதம் தங்கள் முகாம் எங்கள் ஆலைக்கு வந்தது. எழுபத்திரண்டு பேரில் மூச்சு பலத்தில் முதலிடம் என்று தங்கள் கையால் பொன்னாடை போர்த்தப்பட்டவன் நான். அந்த மூச்சு என்னுடையது அல்ல என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. ஊதும் கருவியில் தேறாதவர்களைப் பெட்டி ஒட்டும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஆலையில் ஒரு பேச்சு இருந்தது. பல வருடம் எல்லோரையும் அதட்டிவிட்டு, அவர்களோடு சமமாக உட்கார்ந்து பசை தடவ எனக்கு மனம் வரவில்லை. பெயர்ப் பட்டியல் என் கையில் இருந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, என் பெயரை நானே உரக்கக் கூப்பிட்டு, பெத்தணனை அனுப்பிவைத்தேன். அவர் எங்கள் ஆலையில் சரவெடி பின்னுபவர். கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரம் வாசிப்பவர். என் பெயரில் ஒருமுறையும் தன் பெயரில் ஒருமுறையும் ஊதினார். இரண்டாவது முறை சற்றுக் களைத்துவிட்டதால் அவருக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஊதவைத்த மருத்துவர் பரிசளிப்புக்கு வராததை என் நல்ல நேரம் என்று அப்போது நினைத்தேன்.

3. சிவகாசி மண்டபத்தில் நடந்த அந்தப் பரிசளிப்பில், நுரையீரலை எப்படிப் பேணுகிறீர்கள் என்று தாங்கள் மைக்கை நீட்டினீர்கள். என் மனைவி சாலிஹா எனக்காகச் செய்துவைத்து, நான் தொடாமல் விட்ட அத்தனையையும் அடுக்கினேன்: தூதுவளைத் துவையல், கொள்ளு ரசம், விடியற்காலை நடை. பீடி வாசனையே ஆகாது என்றும் சொன்னேன். அப்போது என் சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்தது. பிறகு தாங்கள் என் படத்தோடு அச்சிட்ட சுவரொட்டியில் அந்த இடத்தைத் தங்கள் முத்திரை மறைத்துவிட்டது. வேலை முடிந்ததும் வாழைப்பழமும் கருப்பட்டியும் தின்பது எங்கள் பட்டாசுத் தொழிலாளர் வழக்கம். நெஞ்சில் படிந்த பொடி வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று நம்பிக்கை. எந்த வழியாக இறங்கும் என்று நான் யோசித்ததே இல்லை. இருந்தும், "இது ரெண்டும் இருந்தா முகமூடியே வேண்டாம்" என்று முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது.

4. சுவரொட்டியில் என் முகத்தில் முகமூடி இல்லை, கையில் வாழைப்பழம் இருக்கிறது. ஆலை வாசல், டீக்கடை, பேருந்து நிறுத்தம் எங்கும் அதுதான். என் வீட்டுக் கதவில் நானே இரண்டு ஒட்டினேன். எங்கள் ஆலையில் முகமூடிகள் இப்போது வாழைப்பழம் பொதிந்துவைக்கப் பயன்படுகின்றன.

5. உண்மை நிலவரம் வருமாறு. என் வீட்டு மாடிப்படிகள் பதினான்கு. ஏழாவது படியில் நின்று, எதிர்வீட்டு ஆட்டை நோட்டம் விடுவதுபோல் மூச்சு வாங்குகிறேன். சென்ற வாரம் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். கீரையும் பழமும் நடையும் நல்லவை, பீடியை விடுவது அதைவிட நல்லது. ஆனால் உள்ளே போன பொடியை எந்தப் பழமும் வெளியே கூட்டித் தள்ளாது, போகாமல் தடுப்பதுதான் வழி என்றார். "ஊருக்குச் சொன்னத வீட்ல ஒரு நாளாச்சும் செஞ்சீகளா?" என்று சாலிஹா கேட்டார். நான் கதவிலிருந்த இரண்டு சுவரொட்டிகளையும் கிழித்தெடுத்தேன்.

6. என்னோடு போயிருந்தால் இந்த முட்டாள்தனத்தை வெளியே சொல்லியிருக்க மாட்டேன். எங்கள் ஆலையில் வெடிமருந்து நிரப்பும் பேச்சியம்மாள், வயது 34, ஒழுங்காக முகமூடி கட்டிவந்தவர். என் சுவரொட்டியைப் பார்த்த பிறகு கழற்றிவிட்டார். மூன்று வாரமாக இருமுகிறார். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க அவரால் முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. அவரை நிறுத்தி, நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். "போங்க பாய், சர்க்காரு சீல் வச்சுப் பொய் போடுமா? நீங்க பெருமை பிடிக்காத மனுசன், அதான் இப்படிப் பேசுறீக" என்று இருமலுக்கு நடுவே சொல்லிவிட்டு, பழத்தை உரிக்கத் தொடங்கினார்.

7. ஆகவே, அந்தச் சுவரொட்டியை எல்லா இடங்களிலிருந்தும் அகற்றவும், பட்டியல் என் கைக்கு வராமல் எங்கள் எல்லோரையும் மீண்டும் ஊதவைக்கவும் வேண்டுகிறேன். பொன்னாடையை இத்துடன் திருப்பி அளிக்கிறேன். எந்தத் தண்டனைக்கும் உடன்படுகிறேன். நான் பொய் சொன்னபோது ஆலையே நம்பியது. உண்மையைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. தாங்கள் நேரில் வந்து சொன்னால் பேச்சியம்மாள் கேட்பார். முதலில் அவரைப் பரிசோதியுங்கள். தினமும் காலை எட்டு மணிக்கு அவர் வெறும் முகத்தோடு வெடிமருந்து அறைக்குள் போகிறார். நாளையும் போவார்.

இடம்: விஸ்வநத்தம்
நாள்: 27.08.2007

இப்படிக்கு,
இனிமேலாவது உண்மையுள்ள,
அசன் முகம்மது