மேனேஜருக்குப் பெரிய எழுத்து

நீங்கள் இறந்துபோன செய்தி இன்று காலை வந்தது. கம்பெனி அனுப்பிய இரங்கல் மின்னஞ்சலைப் பழைய தோழி எனக்கு அனுப்பிவைத்திருந்தாள். 'எங்கள் முன்னாள் ஜெனரல் மேனேஜர்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். உங்கள் பதவி கேப்பிடல் இல்லாமல், சிறிய எழுத்தில் இருந்தது. இலக்கணப்படி அதுதான் சரி. ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பதவிக்குப் பெரிய எழுத்து, தனியாக நின்றால் சிறியது. இதை உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "இந்த ஃபேக்டரியில நான் சொல்றதுதாம்மா கிராமர்" என்றீர்கள்.

ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு மத்தூரிலிருந்து ஓசூருக்கு வந்து உங்களிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தது இரண்டாயிரத்து மூன்றிலோ நான்கிலோ. முதல் நாளே பாடம் எடுத்தீர்கள்.

"மேனேஜர்னா எம் பெருசு. மேனேஜ்மென்ட்னா எம் பெருசு. வொர்க்கர்னா டபிள்யூ சின்னது. புரியுதா?"

"வொர்க்கர் வாக்கியத்தோட முதல்ல வந்தா, சார்?"

கொஞ்சம் யோசித்தீர்கள். "வராத மாதிரி எழுது."

அவ்வளவுதான் உங்கள் ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலையையே மிரட்டினீர்கள்.

பிரஸ் மெஷினில் வேலை பார்த்த மாதேஷை உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்குமோ என்னவோ. அஞ்செட்டிப் பக்கத்து ஆள். தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசுவார், ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். மெஷினில் கையைக் காக்கும் தடுப்பு சரியாக மூடவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்தார். தமிழில் எழுதினால் வாங்க மாட்டேன் என்று நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். படித்தீர்கள். சிவப்புப் பேனாவை எடுத்து, 'நான்' என்பதற்குச் சிறிய ஐ போட்ட இடங்களையெல்லாம் சுழித்தீர்கள்.

"தன்னையே மதிக்கத் தெரியலையே உனக்கு. திருத்தி எழுதிட்டு வா."

"நம்ம எழுத்துல பெருசு சின்னது கிடையாதுங்களே சார். மெஷின கொஞ்சம் பாருங்க சார்."

"மொதல்ல லெட்டர். அப்புறம் மெஷின்."

மறுநாள் திருத்தி எழுதி வந்தார். எல்லா ஐ-யும் நிமிர்ந்து நின்றன. இந்த முறை மேனேஜரின் எம் சிறியதாகிவிட்டது. உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! எதிரே உட்கார்ந்திருந்த சூப்பர்வைசரிடம் காட்டிக் காட்டிச் சிரித்தீர்கள். அந்த வாரமே மெஷின் அவர் கைமேல் இறங்கியது. மாதேஷின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போகவில்லை. என்னைக் கூப்பிட்டு விபத்து அறிக்கை சொல்ல ஆரம்பித்தீர்கள். தொழிலாளியின் கவனக்குறைவு என்றீர்கள்.

"அவர் ரெண்டு தடவ எழுதிக் குடுத்தாரே சார்."

"அது லெட்டரே இல்லம்மா. கேப்பிடல் எங்க போடணும்னு தெரியாதவன் எழுதினது."

"நான் அடிக்க மாட்டேன் சார்" என்று எழுந்துவிட்டேன். நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் நீங்களே அடித்தீர்கள். தெரியாமல் எதையோ அழுத்தியதில் எழுத்தெல்லாம் பெரிதாகவே விழுந்தது. அதை எப்படி நிறுத்துவது என்றும் உங்களுக்குத் தெரியவில்லை, என்னிடம் கேட்கவும் வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் எல்லாமே பெரிய எழுத்தானால் கத்துவதாக அர்த்தம்; முழு அறிக்கையும் கத்திக்கொண்டே போயிற்று. விசாரணைக்கு வந்த அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் இப்படி?" என்று கேட்டார். நடந்ததை நான் சொன்னேன். மாதேஷுக்கு நஷ்டஈடு கிடைத்தது. என் வேலை போயிற்று. உங்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. உங்களைப் போன்றவர்களுக்கு அது எப்படியோ கிடைத்துவிடுகிறது.

செய்தி கிடைத்ததும் மாதேஷுக்குப் போன் செய்தேன். ஊரில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். உங்கள் பெயரைச் சொன்னேன்.

"யாருங்க மேடம் அது?"

விளக்கினேன். "ஓ, அந்த ஆளா" என்றார். பிறகு, கறவை நேரம் என்று வைத்துவிட்டார்.

ஆக, உங்களை நினைத்துக்கொண்டிருப்பது நான் ஒருத்திதான். மரியாதையால் அல்ல. இப்போது வேறொரு கம்பெனியில் தொழிலாளர் புகார்கள் என் மேசைக்குத்தான் வருகின்றன. பாதிக் கடிதங்களில் முற்றுப்புள்ளிகூட இருக்காது. பிழை கண்ணில் பட்டதும் உங்கள் இளிப்பு ஞாபகத்துக்கு வரும். பேனாவைத் தொடாமல் எழுந்து நேரே மெஷினைப் பார்க்கப் போய்விடுவேன்.