நீலம் பூசாத தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

ஏழாம் வகுப்பு அறிவியல், மூன்றாம் பாடம். பருப்பொருளும் அதன் நிலைகளும். மூன்று குவளைகள் வரைய வேண்டும். முதல் குவளையில் பனிக்கட்டி, இரண்டாவதில் தண்ணீர், மூன்றாவதில் நீராவி. மூன்றிலும் துகள்கள் தெரிய வேண்டும்.

“போன பதிப்பைப் பார்த்து அப்படியே போட்டுடுங்க மேடம். உடனே வேணும்” என்றார் பதிப்பாசிரியர். அவர் வாயிலிருந்து ‘உடனே’ இல்லாமல் ஒரு வாக்கியம் வந்ததில்லை. அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் அவசரம்.

போன பதிப்பின் படத்தை எடுத்துப் பார்த்தேன். யாரோ வரைந்தது. பனிக்கட்டியில் துகள்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. நீராவியில் அங்கொன்றும் இங்கொன்றும். நடுவில் தண்ணீர். அதில் துகள்கள் பாதித் தூரத்தில், பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் நாற்காலி விட்டு நாற்காலி உட்கார்ந்திருப்பது போல. போதாதென்று குவளை முழுக்க இளநீலம்.

நீலம் எதற்கு?

மார்ச் 5, புதன்

தண்ணீர் என்பதே அந்தத் துகள்கள்தான். அப்படியென்றால் துகளுக்கும் துகளுக்கும் நடுவே பூசியிருக்கும் நீலம் என்ன? தண்ணீருக்குள் இன்னொரு தண்ணீரா?

இன்று என் விருப்பப்படி வரைந்தேன். தண்ணீரில் துகள்கள் ஒன்றை ஒன்று தொடுகின்றன. ஆனால் வரிசை இல்லை, பேருந்துக் கூட்டம் மாதிரி. உரசிக்கொண்டே நகரலாம். பனிக்கட்டியில்தான் வரிசை, அங்கே உள்ளே கொஞ்சம் இடமும் விட்டேன். அதனால்தானே பனிக்கட்டி மிதக்கிறது. நடுவில் எந்த வண்ணமும் இல்லை. வெள்ளைத் தாள் வெள்ளையாகவே.

ஒன்றுமில்லாததை வரைவது எவ்வளவு கஷ்டம்! கை தானாக வண்ணத்தைத் தேடிப் போகிறது.

மார்ச் 7, வெள்ளி

“வண்ணம் போட மறந்துட்டீங்களா மேடம்?”

“மறக்கல சார். அங்க ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லைன்னா?”

“துகளுக்கு நடுவுல ஒண்ணும் இல்ல. அதான் வெள்ளையா விட்டேன்.”

“அப்ப அது தண்ணின்னு பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கீழ ‘தண்ணீர்’னு எழுதியிருக்கு சார்.”

அவசரம் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். துகள்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கக் கூடாதாம். முதலில் கொஞ்சம் இடைவெளி, அப்புறம் அதிகம், அப்புறம் ரொம்ப அதிகம். பார்த்தால் படிக்கட்டு மாதிரி இருக்க வேண்டுமாம்.

படிக்கட்டு! இவர் ஏறுவதற்கு இயற்கை வந்து படி கட்டித் தரணும்.

திங்கட்கிழமைக்குள் மாற்றச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 8, சனி

குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிற மனிதரைக் கட்டிக்கொண்டேனே, அவராவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன்.

“நீலம்தானே கேக்குறாங்க, ரத்தமா கேக்குறாங்க? பூசிட்டு வா” என்றார். “நான் தெனமும் வாயுவைத் திரவமாக்குறேன், திரவத்தை வாயுவாக்குறேன். ஒருத்தனும் என்கிட்ட படம் கேட்டதில்ல.”

மை நிரப்புகிற ஊசிக்குழலைக் கொண்டு வந்தேன். காற்றை இழுத்து, நுனியை விரலால் அடைத்து, “அழுத்துங்க” என்றேன். பாதி வரை உள்ளே போனது. பிறகு தண்ணீரை இழுத்துக் கொடுத்தேன். அழுத்தினார். எழுந்து நின்று அழுத்தினார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

“நடுவுல அவ்வளவு எடம் இருந்தா உள்ள போகணும்ல? ஏன் போகல?”

ஊசிக்குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தண்ணிக்கும் உன் புத்திதான்” என்றார்.

இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். அவள் பள்ளியில் இந்தப் புத்தகத்தைத்தான் நடத்துகிறாள். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தால் அண்ணனுக்கு மேல் இருந்தாள். “அண்ணி, பழைய படம் எல்லாருக்கும் பழகிடுச்சு. பரீட்சையில அதையே வரைஞ்சு மார்க் வாங்குதுங்க. நீங்க ஏன் நடுவுல குட்டையைக் குழப்புறீங்க?”

“நாளைக்கு வகுப்புல ஒரே ஒரு கேள்வி கேளு. இந்தப் புள்ளிக்கு நடுவுல இருக்கிறது என்னன்னு கேளு. அவ்வளவுதான்.”

“கேட்டா?”

“பதில என்கிட்ட சொல்லு. அப்புறம் பேசலாம்.”

மார்ச் 10, திங்கள்

படத்தை மாற்றவில்லை. மாற்றவில்லை என்று அவசரத்திடம் சொல்லிவிட்டேன். புதன்கிழமை கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார். குரலில் ‘உடனே’ இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாலையில் நாத்தனார் தொலைபேசியில். மொத்த வகுப்பும் “தண்ணி” என்றதாம். துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றனவாம். ஒருத்தி மட்டும் எழுந்து, “அதுங்க நீந்துது டீச்சர், அதான் இடம் விட்டிருக்கு” என்றாளாம். சிரிக்க ஆரம்பித்த நாத்தனார் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“அண்ணி, அது மேல தப்பு இல்ல. படம் அப்படித்தான் சொல்லுது.”

மார்ச் 12, புதன்

கூட்டம். அவசரம், கணக்குப் பார்க்கிற அம்மா, பக்கம் வடிவமைக்கிறவள், நான்.

வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். ஊசிக்குழலைக்கூடக் கைப்பையில் வைத்திருந்தேன், எடுக்கவில்லை. அவசரம் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு நீராவிக் குவளையில் விரலை வைத்தார்.

“சரி, தண்ணியை விடுங்க. இங்க பாருங்க. இதுக்கு நடுவுல ஒண்ணுமில்லைன்னு எப்படிச் சொல்றீங்க? காத்து இருக்கும்ல?”

“காத்துங்கிறதும் இதே மாதிரி துகள்தானே சார்? அதுக்கு நடுவுல என்ன இருக்கும்?”

நான் குத்தலாகக் கேட்கவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் கணக்குப் பார்க்கிற அம்மா குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறும்படி சிரித்துவிட்டார். அவசரத்தின் முகம் காது மடல் வரை சிவந்தது.

“நீங்க படம் வரைய வந்தீங்களா, பாடம் எடுக்க வந்தீங்களா?”

“பாடப் புத்தகம்தானே சார் போடுறோம்?”

இதை மட்டும் குத்தலாகத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை நீலம் வர வேண்டும். வராவிட்டால் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புப் புத்தகமும் வேறு ஆளுக்குப் போகும். வருடத்தில் பெரும்பகுதி அந்த வேலைதான் எனக்கு.

மார்ச் 14, வெள்ளி

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை. அவர் இரண்டு தடவை தோசைக்கல்லைத் தேய்த்துக் கழுவினார். கவலை வந்தால் பாத்திரம் கழுவுவார்.

எனக்கு நானே கேட்டுக்கொண்டேன் – ஒரு நீலத்துக்காகவா? இந்தப் படத்தை ஏழாம் வகுப்பில் பார்த்துவிட்டு அத்தனை பிள்ளைகளும் நன்றாகத்தானே வாழ்கிறார்கள்? ஒருவருக்காவது தண்ணீர் தொண்டையில் சிக்கியதா?

ஆனால் அந்தப் பெண் சொன்னதை மறக்க முடியவில்லை. நீந்துதாம். அவள் முட்டாள் இல்லை. கண்ணால் பார்த்ததை நம்பியிருக்கிறாள். நம்பச் சொல்லித்தானே புத்தகத்தைக் கையில் கொடுக்கிறோம்? நம்புகிற பிள்ளையிடம் தெரிந்தே பொய்யை நீட்டணுமா நான்? மாட்டேன். போனாப் போகுது போ. மாட்டேன்னா மாட்டேன்.

மார்ச் 17, திங்கள்

வெள்ளையாகவே கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு.

மார்ச் 18, செவ்வாய்

பக்கம் வடிவமைக்கிறவள் தொலைபேசியில் பேசினாள். “அக்கா, நீலம் ஏத்தச் சொல்லி என்கிட்ட குடுத்திருக்காரு. ஒரு சொடுக்கு வேலை. நீங்க வீணா வேலையை விட்டீங்களே.”

“உன் வேலைய நீ பாரும்மா. உன் மேல எனக்குக் கோவம் இல்ல.”

“எனக்கும் ஒரு கேள்வி அக்கா. நடுவுல ஒண்ணுமே இல்லைன்னா, அதுங்க எதுல நிக்குது?”

“எதுலயும் நிக்கல. அதுங்க ஓடிட்டே இருக்கு.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே. பனிக்கட்டிக்குள்ளகூட நின்ன இடத்துல ஆடிட்டிருக்கு.”

“ஐயோ” என்றாள், தன் குழந்தை ஓய்வில்லாமல் ஓடுவதாக யாரோ சொன்னது போல. வைத்துவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. மின்னஞ்சலில் இரண்டு வரி. நன்றியும் இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒன்றும் வரையவில்லை. இன்று வெந்நீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்று, பாத்திரம் காய்ந்து, அடிபிடித்து – வெந்நீர் அடிபிடிக்க வைத்த முதல் பெண்மணி நான்தான் என்கிறார் வீட்டுக்காரர்.

சிரித்தேன். வருத்தம் இருக்கிறது. செய்ததற்கு வருந்துகிறேன் என்பது வேறு. அது இல்லை.

ஜூன் 18, புதன்

நாத்தனார் புதுப் புத்தகத்தோடு வந்தாள். நான் கையில் வாங்கவில்லை, அவளே மூன்றாம் பாடத்தைத் திறந்து மடியில் வைத்தாள்.

வெள்ளை.

என் குவளைகள்தான். தண்ணீர்த் துகள்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, நடுவில் தாளின் வெள்ளை மட்டும். அடுத்த பாடத்திலிருந்து வேறு கை. பூக்களுக்கெல்லாம் தூண் மாதிரி தண்டு. முன்பக்கத்தில் ஓவியர் பெயர் இருக்கிறது, அது என் பெயர் இல்லை. சொடுக்காமல் விட்டது பக்கம் வடிவமைக்கிறவளா, கடைசி நேரத்தில் மனசு மாறியது அவசரமா? கேட்கப் போவதில்லை. கேட்டால் யாராவது ஒருவரின் வேலைக்கு ஆபத்து.

“வகுப்புல ஒரே சண்டை அண்ணி. ஒண்ணுமில்லைன்னு ஒரு கூட்டம். எப்படி ஒண்ணுமில்லாம இருக்கும்னு ஒரு கூட்டம். மணி அடிச்சும் வெளிய போக மாட்டேங்குதுங்க. எல்லாம் உங்களாலதான்.”

“நல்லா சண்டை போடட்டும்.”

அவள் போன பிறகு கிளம்பினேன். ஒரு பல் மருத்துவமனைச் சுவருக்குப் பெரிய படங்கள் வரைகிறேன். ஈறு, வேர், எனாமல் எல்லாம். இரண்டாவது வாரம். டாக்டர் பின்னால் வந்து நின்று பார்த்தார். நல்ல மனிதர்.

“பல்லு இன்னும் கொஞ்சம் வெள்ளையா இருக்கலாமேம்மா?”

தூரிகையைக் கீழே வைத்தேன்.

“அவ்வளவு வெள்ளையா யாருக்கும் இருக்கிறதில்ல டாக்டர்.”