பேத்தாழை வீட்டின் திறப்பு

வாழைச்சேனை
14.09.2025

அன்பு மகள் கிருஷாந்தினிக்கு,

பிள்ளையாருடைய தயவில் அப்பாவும் நானும் எழும்பி நடமாடுகிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தேக சுகத்தோடு இருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னை ஆற்றத் தொடங்கிவிடுவேன், அதனால்தான். லீவு முடிந்து சைப்பிரசுக்குத் திரும்புகிற தர்சினியிடம் இதைக் கொடுத்து, உனக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்துக் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மேலே பேத்தாழை என்று போடாமல் வாழைச்சேனை என்று போட்டிருப்பதைக் கண்டதும் உனக்கு விளங்கியிருக்கும். ஓம் மகள், பேத்தாழை வீட்டைக் கடன் தந்த கொம்பனிக்கே கொடுத்துவிட்டோம். யாரும் எங்களை வெளியே போடவில்லை. நாங்களாகப் போய்க் கேட்டு, கையெழுத்து வைத்து, போன மாதம் இருபத்தெட்டாம் தேதி வாசல் பூட்டின் திறப்பைக் கொடுத்தோம். இந்த இரண்டு கிழமையும் நான் வெளியில் நின்றே உன்னோடு கதைத்து, அப்பா உள்ளே பெயின்ட் அடிக்கிறார் என்று சொன்னது பொய். மன்னித்துக்கொள். இனிக் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மற்றதை வாசி.

ஜூலை தொடக்கத்தில் தர்சினி லீவில் வந்தபோது நீ தந்துவிட்ட சாமான்களைக் கொண்டுவந்தாள். தேத்தண்ணீர் கொடுத்து, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். முதலில் நல்லா இருக்கிறாள் என்றாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பகல் முழுக்க அந்தக் கிழவியைப் பராமரித்துவிட்டு, பின்னேரத்தில் ஹோட்டல் ஒன்றுக்குப் போய் விரிப்பு அயன் பண்ணுகிறாயாம். இரண்டு கையிலும் ஆவி பட்டுப் பொக்களமாம். அக்டோபரில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப் போகிறாயாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடியோவில் நீ நீளக்கைச் சட்டையோடு இருந்ததும், ஏன் என்று கேட்டதுக்குக் குளிர் என்று சொன்னதும். ஜூலை மாதத்தில் அங்கே என்ன குளிர் மகள்? நீ என்னிடம் மறைத்தாய், நான் உன்னிடம் மறைத்தேன், இதோடு இரண்டு பேரும் நிறுத்துவோம். பாசிக்குடாவுக்கு வருகிற வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்று மாடியில் இரண்டு அறை கட்ட எடுத்த கடன் அது. கட்டி முடித்து மூன்று மாதத்தில் ஈஸ்டர் அன்று குண்டு வெடித்தது, பிறகு கொரோனா, பிறகு பெட்ரோலும் இல்லை ஆட்களும் இல்லை, வட்டி மட்டும் ஏறியது. அந்த அறைகளில் தங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் என் கைவிரல் போதும். நீ அனுப்பினதெல்லாம் வட்டிக்கே போனது. நாங்கள் எடுத்த கடனுக்கு நீ இருபத்திரண்டு வயதில் பிணைக் கையெழுத்து வைத்தாய், அதுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த கிழமை அப்பாவிடம் சொல்லாமல் பஸ் ஏறிக் கொம்பனியின் மட்டக்களப்புக் கந்தோருக்குப் போனேன். எங்கள் பைலைப் பார்க்கிறவள் இர்ஷானா என்று ஓட்டமாவடிப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். நான் தவணை கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, இனித் தவணை தர வழியில்லை, ஏலக் கடிதம் போகப் போகிறது என்று மெதுவாகச் சொன்னாள். நான் சொன்னேன், "தவணைக்கு வரல்ல புள்ள. வீட்ட நீங்க எடுங்க. என்ட மகள்ர கையெழுத்த எனக்குத் தாங்க." அவள் ஒரு தாளை எடுத்துக் கணக்கை எழுதிக் காட்டினாள். ஏலத்துக்குப் போனால் வீடு குறைந்த விலைக்குத்தான் போகும், மிச்சம் உன் தலையில் நிற்கும். நாங்களாகக் கொடுத்தால் மிச்சத்தைத் தள்ளிவிடச் சொல்லிக் கொழும்புக்கு எழுதலாம், ஆனால் வாக்குத் தர முடியாது என்றாள். அன்றைக்கே கையெழுத்து வைக்கிறேன் என்றதுக்கு அவள் விடவில்லை. "வீட்ட போய் எல்லார்ட்டயும் கேளுங்கம்மா. பொறகு அழுதா என்னால வீட்டக் கிறுகித் தர ஏலா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அப்பாவிடம் சொன்னதும் மூன்று நாள் என்னோடு பேச்சில்லை, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வளவுக் காணி, நான் உனக்குத் தர வேண்டியது. வீடில்லாமல் பொம்பிளைப் பிள்ளையை எப்படிக் கட்டிக் கொடுப்பது என்றுதான் அவருக்கு. அந்தக் களுதாவளைச் சம்பந்தம் என்ன ஆனது என்று நீ கேட்கும் முன்னம் சொல்லிவிடுகிறேன், நானே போய் அந்தத் தாயிடம் வீடு போகப் போகிறது என்று சொன்னேன். பிளேன்டி ஊற்றித் தந்தார், அன்பாகத்தான் கதைத்தார், அதுக்குப் பிறகு போன் வரவில்லை. வீட்டைப் பார்த்து வந்தவர்கள் வீட்டோடு போகட்டும் என்று இருந்துவிட்டேன், ஆனால் உனக்கு அந்த மாப்பிள்ளையின் படம் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும், அதுக்காக மனம் வருந்துகிறேன். நாலாம் நாள் உன் கையைப் பற்றி அப்பாவுக்குச் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார், கழுவினார், வாளி வாளியாகக் கழுவினார். வந்து, எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்டார்.

இரண்டு பேருமாகப் போய்ச் சம்மதம் சொன்னதும் இர்ஷானா கொழும்புக்கு எழுதினாள். அங்கிருந்து பதில் வந்தது, மிச்சக் கடன் முழுதும் தள்ளுபடி என்று, ஆனால் அதில் உன் பெயரைக் காணவில்லை. நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று பேனையை வைத்துவிட்டேன். அப்பாவுக்கு என்மேல் கோபம், கிடைத்ததையும் கெடுக்கிறாயா என்றார். இர்ஷானா திரும்பவும் கொழும்புக்கு எழுதினாள். எட்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் உன் முழுப் பெயரோடு, பிணை நீங்கியது என்று கடிதம் வந்தது. அதன் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன்.

திறப்பைக் கொடுக்கிறதுக்கு முதல்நாள் அப்பா என்ன செய்தார் தெரியுமா, குசினிப் பைப்பு ஒழுகிக்கொண்டிருந்ததே, அதைக் கழற்றிப் புதிதாகப் போட்டார், கேற்றுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டார். எவனோ இருக்கப் போகிற வீட்டுக்கு ஏன் இது என்றேன். "நான் கட்டின வீடு. ஒழுக்கோட குடுக்க மாட்டன்" என்றார். இர்ஷானா வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பின்கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் பூட்ட வேண்டும் என்று அப்பா சொன்னார், அவள் அதையும் படிவத்தில் எழுதிக்கொண்டாள். நான் அழவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். முருங்கையில் பிஞ்சு பிடித்திருந்தது, இன்னும் இரண்டு கிழமையில் ஆய்ந்திருக்கலாம், அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

இங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்ன வீடு, வாடகைக்கு. ரயில் சத்தம் பழகிவிட்டது. அப்பாவுக்கு மேசன் வேலை தொடர்ந்து இருக்கிறது, நானும் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறேன், இரண்டு பேருக்கும் அது போதும். இந்த மாதம் முதல் எங்களுக்கு ஒரு சதமும் அனுப்பாதே. அந்த ஹோட்டல் வேலையை நாளைக்கே விடு, கைக்கு மருந்து போடு, டொக்டரிடம் காட்டு. அக்டோபரில் கையெழுத்து வைக்கிறதும் விடுகிறதும் உன் விருப்பம். அந்த ஊரும் வேலையும் பிடித்திருந்தால் இரு, நான் வா வா என்று தொல்லை தர மாட்டேன். கடனுக்காக மட்டும் இருக்காதே, அது முடிந்துவிட்டது. கோவிப்பதென்றால் பிள்ளை தன்னைக் கோவிக்கட்டும், அம்மாவைக் கோவிக்க வேண்டாம் என்று அப்பா எழுதச் சொன்னார். நான்தான் போனேன், நான்தான் கேட்டேன், ஆனாலும் அப்படித்தான் எழுத வேண்டுமாம்.

எங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் வராமல், உன் உழைப்பு இனி உனக்கே சேர்ந்து, நீ நீண்ட காலம் சந்தோசமாக வாழ வேண்டும் என்று இரண்டு பேரும் உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம். அந்தப் பிணைக் கடிதத்தைப் பத்திரப்படுத்து. இன்னொன்று, மறந்துவிடாதே. வாடகையில் கழிக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் பேசி, அப்பா பின்பக்கம் உனக்கு ஓர் அறை எழுப்புகிறார். கல் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. யன்னல் கிழக்கே வைக்கவா தெற்கே வைக்கவா என்று கேட்கிறார், எனக்குத் தெரியவில்லை. வாசித்து முடித்ததும் போன் எடுத்துச் சொல்லு, அதுவரை அடுத்த வரி கல் வைக்க மாட்டாராம்.

உன் அன்பு அம்மா,
இரத்தினம்மா