ராடு நோட்டில் உன் கையெழுத்து

கள்ளக்குறிச்சி
14.10.1990

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா செவ்வந்தி எழுதுவது. நானும் உங்கப்பாவும் தங்கச்சி எழில்மதியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் கடிதம் சொல்வதற்குள் ரேடியோ வேறு எதையாவது சொல்லிவிடுமோ என்ற பயம்தான், ஈராக்காரன் குவைத்துக்குள் புகுந்த ஆகஸ்டு மாதத்திலிருந்து. குவைத்திலிருந்து தப்பி வந்த ஒருவர் சின்னசேலம் ஸ்டேஷனில் கையில் ஒரு பை கூட இல்லாமல் இறங்கினாராம். நீ இருக்கிற சவூதி தம்மாம் வேறு, குவைத் வேறு என்று எழுதியிருக்கிறாய், ஆனால் உங்கப்பாவுக்கு இரண்டும் அடுத்தடுத்த தெரு. அதனால் வாரம் ஒரு வரியாவது போடு. சரி, முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், கை பொறுக்கவில்லை. சர்ட்டிபிகேட் கிடைத்துவிட்டது! வெல்டர் என்றே போட்டு, தேதி போட்டு, முதலாளி தனசேகரன் கையெழுத்தும் பட்டறை சீலும் வைத்து வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பின்னால் மடிக்காமல் அட்டை வைத்து வைத்திருக்கிறேன், முதலில் அதைப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படி.

பார்த்தாயா? இனி அது வந்த கதையைக் கேள். கனடா வேலைக்கு விண்ணப்ப பாரம் நிரப்பித் தருகிற உன் கம்பெனிக்காரர் கேட்டதாக நீ எழுதியது எனக்கு இப்போது மனப்பாடம். இங்கே குறைந்தது மூன்று வருடம் வெல்டர் வேலை பார்த்ததற்குப் பட்டறையின் பேர் அச்சடித்த தாளில் எழுத்து வேண்டும், என்ன என்ன வேலை செய்தாய், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி, எல்லாம் அதில் இருக்கவேண்டும், நவம்பர் முடிவதற்குள் அவர் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் டிசம்பரில் உன் காண்ட்ராக்ட் முடிந்து திரும்பவும் இதே பட்டறை வாசலில் நிற்கவேண்டும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்த அன்றைக்கே கிளம்பிப் போய்விட்டேன். தனசேகரன் சிரித்த முகமாக வரவேற்றான், நம்ம பையன் கனடாவுக்கே போறானா என்றான், மறுநாளே ஒட்டிய கவரைக் கையில் கொடுத்தான். நான் பைத்தியக்காரி, சந்தோஷத்தில் தெரு முழுக்க ஜாங்கிரி வாங்கிக் கொடுத்துவிட்டு அப்படியே போஸ்டாபீசுக்குப் போய் வரிசையில் நின்றேன். டைப் கிளாஸ் முடிந்து அங்கே வந்த எழில்மதி கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எம்மா இது ஹெச்சுல ஆரம்பிக்குது, நமக்கு டபிள்யூல ஆரம்பிக்கணும் என்றாள். எனக்குப் புரியவில்லை. தாளில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் காட்டினாள். ஹெல்பருக்கும் வெல்டருக்கும் இங்கிலீசில் இரண்டே எழுத்துத்தான் வித்தியாசம், மற்றதெல்லாம் ஒட்டிப் பிறந்தது போல இருக்கிறது. அந்த இரண்டு எழுத்தில் உன் மூன்று வருடம் போயிருக்கும். ஸ்டாம்பு ஒட்டியிருந்தால் போயே போயிருக்கும்.

அதே கவரோடு திரும்பிப் போனேன். ரெஜிஸ்டர்ல இன்னா இருக்குதோ அதத்தான் எழுதுனேன், வெல்டர் என் மச்சான், உம்புள்ள ஹெல்பர், இன்னாம்மா செவ்வந்தி உனக்குத் தெரியாதா என்றான். தெரியும். நம் காலனிப் பிள்ளைகளும் மலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகளும் எத்தனை பேர் அங்கே உழைத்தீர்களோ அத்தனை பேரும் அந்த ரெஜிஸ்டரில் ஹெல்பர்தான். சேலத்திலிருந்து வருகிற மச்சான் ஒருவன்தான் வெல்டர், அவன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான், நீங்கள் டிரெய்லருக்கு ஒட்டு வைப்பீர்கள். இது அவன் ஒருவன் புத்தி இல்லை, எங்கே போனாலும் நம் ஆட்களுக்கு என்று ஒரு பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். சத்துணவுக் கூடத்தில் நானும் ஹெல்பர்தான், உலை வைத்து இறக்குவது யார் என்று சாப்பிடுகிற பிள்ளைகளைக் கேட்டால் சொல்லும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் கத்தினேன், அவர் பாவம், நானா எழுதுனேன் என்னை இன்னாத்துக்குத் திட்டற என்றார். ஆனால் கத்தி என்ன ஆகும், கனடாக்காரன் என் கத்தலையா கேட்கப் போகிறான்? தாளுக்குத் தாள்தான் பதில் என்று தோன்றியது. உன்னோடு வேலை பார்த்த வேடியப்பன் ஞாபகம் வந்தது. அவன் ஆறு வருடம் ஹெல்பராகவே இருந்து சலித்துப்போய், போன வருடம் மலைக்கே திரும்பிவிட்டான்.

மறுநாள் காலை பஸ்ஸில் வெள்ளிமலை போய், அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்தேன். அவனும் பெண்சாதி பாப்பாத்தியும் சாமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான், கனடாவுல பனிக்கட்டி கொட்டுமாமே, அறிவு வெல்டிங் நெருப்புலயே குளிர் காஞ்சிக்குவான் என்றான். அப்புறம், ராடு நோட்டு இருக்குதே அம்மா என்றான். தினமும் வெல்டிங் ராடு யார் எடுக்கிறார்களோ அவர்கள் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டுமாமே, நீ இதை ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கிறாயா? ராடு திருடு போகக்கூடாது என்று முதலாளி வைத்த நோட்டு அது. ஹெல்பர் எவனும் அதுல கையெழுத்துப் போட முடியாது, அறிவு போட்டிருக்கான், நான் பக்கத்துலயே நின்னுக்கினு பார்த்திருக்கேன் என்றான் வேடியப்பன். எனக்கு அந்த இடத்திலேயே ஆடலாம் போல இருந்தது. நானும் வரேன் என்று சட்டையை மாட்டினான். பாப்பாத்தி மட்டும் சும்மா விடவில்லை, ஆறு வருசம் ஒழைச்ச உனக்கு ஒரு காயிதம் குடுக்காத மவராசன்கிட்ட இன்னொருத்தனுக்குக் காயிதம் வாங்கப் போறியா என்று கேட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு மலை இறங்கிவிட்டான்.

வீட்டிலிருந்து எழில்மதியையும் உங்கப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். பட்டறையில் அன்றைக்கு நல்ல கூட்டம், அதுதான் நமக்கு லாபமானது. பழைய நோட்டெல்லாம் எடைக்குப் போட்டாச்சு என்றான் தனசேகரன். முதலாளி எதையும் எடைக்குப் போடமாட்டாருங்க, எடைக்காரன் தராசு மேல அவருக்கு நம்பிக்கை இல்ல என்று சொல்லிக்கொண்டே வேடியப்பன் பரண்மேல் ஏறிவிட்டான். இறங்கும்போது ஐந்து நோட்டு, தலையெல்லாம் ஒட்டடை. நான் முதலில் கேட்டது ஒரே ஒரு வாரம்தான். மூன்று வருடத்துக்கு முன் புரட்டாசி பிறந்த அன்று இடஒதுக்கீடு கேட்டு மரத்தை வெட்டிப் போட்டு ரோடு மறித்தார்களே, ஒரு வாரம் பஸ் லாரி ஒன்றும் ஓடவில்லையே, அந்த வாரம். மச்சான் சேலத்தில் மாட்டிக்கொண்டான், நீ ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வேலை செய்கிறாய் என்று நான் சோறு கொண்டுவந்து கொடுத்தேன், மறந்தாயா? எழில்மதி மேசைமேல் இருந்த சம்பள ரெஜிஸ்டரைப் பிரித்தாள், மச்சானுக்கு ஏழு நாளும் ஆப்சென்ட். ராடு நோட்டைப் பிரித்தாள், ஏழு நாளும் உன் கையெழுத்து, அந்த வளைந்த றகரத்தோடு. அப்படின்னா அந்த வாரம் முடிச்ச ரெண்டு டிரெய்லரை ஒட்டுனது யாருங்க, பேயா என்று கேட்டேன். டிரெய்லர் ரிப்பேருக்கு வந்து நின்ற மணலூர்பேட்டை கரும்புக்காரர் ஒருவர் கடகடவென்று சிரித்துவிட்டார். யோவ், அந்த ரெண்டுல ஒண்ணு என்னுதுய்யா, அது இன்னும் கல்லாட்டம் ஓடிக்கினு இருக்குது, உம்மச்சான் வெச்ச ஒட்டுதான் வுட்டுப்போயி இன்னிக்கு இங்க வந்து நிக்கறேன் என்றார். நின்றிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தனசேகரன் முகம் போன போக்கை உனக்குப் படம் பிடித்து அனுப்பமுடியவில்லையே என்றுதான் வருத்தம்.

அப்புறம் தனசேகரன் என்னையும் உங்கப்பாவையும் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னான். வெல்டர்னு எழுதிக் கொடுத்தா நாளைக்கு லேபர் ஆபீஸ்ல இருந்து வந்து வெல்டர் சம்பளம் குடுத்தியான்னு கேப்பாங்க, நான் இன்னா சொல்றது என்றான். அறிவு, இங்கே நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். அந்த சம்பளத்தைக் கேட்டு நானோ என் மகனோ வரமாட்டோம் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். உனக்குக் கோபம் வந்தால் என்னைத் திட்டு, ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு நவம்பர் மாதம்தான் கண்ணில் தெரிந்தது. பயம் தெளிந்ததும் அவனுக்குத் தாராளம் வந்துவிட்டது, சேர்ந்த நாள்ல இருந்தே வெல்டர்னு போட்டுக்கோ, எனக்கு இன்னா நஷ்டம் என்றான். உங்கப்பா சரி என்று தலையை ஆட்டினார், நான்தான் வேண்டாம் என்றேன். நீ சேர்ந்தது 84 ஜூன், நோட்டில் உன் முதல் கையெழுத்து 85 மாசியில். நடுவில் எட்டு மாதம் நீ ராடு எடுத்துக் கொடுத்த ஹெல்பர்தான், அதில் என்ன கேவலம்? நீ தம்மாமுக்குக் கிளம்பிய 88 நவம்பர் வரை மீதி மூன்று வருடம் ஒன்பது மாதம் யாரும் அசைக்கமுடியாத உண்மையாக இருக்கும்போது அதில் எதற்கு ஒரு பொய்யை ஒட்டவேண்டும்? ஒரு பொய் இருந்தால் நம்முடையது எல்லாமே பொய் என்று சொல்லத்தான் காத்திருக்கிறார்கள். மணிக்கணக்கு மட்டும் வாரம் நாற்பத்தெட்டுக்குக் குறையாமல் என்று போட்டோம், நிஜமாக எழுபது என்று எழுதினால் கனடாக்காரன் வந்து தனசேகரனைப் பிடித்துப் போய்விடுவான் என்றார் உங்கப்பா. பட்டறைத் தாளில் எழில்மதியே டைப் அடித்தாள், இங்கிலீசை அவள் டைப் மாஸ்டர் திருத்தினார். டபிள்யூவை அடிக்கும்போது மட்டும் ஓங்கி அடித்திருக்கிறாள், பின்பக்கம் தடவிப் பார், விரலில் தட்டுப்படும்.

பேப்பரில் தினமும் டெல்லி செய்திதான். இடஒதுக்கீடு வந்தால் தகுதி போய்விடும், திறமை போய்விடும் என்கிறார்கள். அதை எதிர்த்துத் தீ வைத்துக்கொள்கிற பிள்ளைகளைப் பெற்றவளுக்குத்தான் தெரியும் அந்த வலி. ஆனால் தகுதி தகுதி என்கிறவர்களை ஒரு நாள் இங்கே கூட்டிவந்து அந்த சம்பள ரெஜிஸ்டரையும் ராடு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டும் என்று இருக்கிறது. டீக்கடையில் இதைச் சொன்னேன், பொம்பளைக்கு அரசியல் எதற்கு என்றார் ஒருவர், நான் அரசியல் பேசலிங்க, ஒட்டு வைக்கறதப் பத்திப் பேசறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழில்மதிக்கு டைப் பரீட்சை வருகிறது. உங்கப்பா முதுகுவலி என்று சொல்லிக்கொண்டே கரும்பு வெட்டப் போகிறார். நீ கண்ணாடி போடாமல் ஒட்டு வைக்காதே, கண் எரிந்தால் டாக்டரிடம் போ. கனடாவில் கூப்பிட்டு வேலை செய்து காட்டச் சொன்னாலும் பதறாதே, ராடைக் கையில் எடுத்தால் உனக்கு எதுவும் மறக்காது.

ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அது உன்னுடையது. உன் தாளில் சீல் வைத்ததும் வேடியப்பன் தனக்கும் ஒன்று கேட்டான். நான்கு வருடம் கேஸ் கட்டிங் செய்தவன் அவன், சேலத்தில் ஒரு பட்டறையில் ஆள் எடுக்கிறார்களாம், தாள் இருந்தால் சேர்த்துக்கொள்வார்களாம். நீ இன்னாடா வெளிநாடா போற, உனக்கு எதுக்கு என்று தனசேகரன் சீலை மேசைக்குள் போட்டுப் பூட்டிவிட்டான். ஊர்லயே இருக்கறவன் வேலை தெரியாதவனாங்க என்று ஒரு வார்த்தை கேட்டான் வேடியப்பன், அவ்வளவுதான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். நான் எவ்வளவு கேட்டும் நடக்கவில்லை. கட்டிங்குக்கு என்று நோட்டும் கிடையாது, பரண்மேல் ஏறினாலும் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அவன் செய்த வேலைக்கு இருக்கிற ஒரே சாட்சி நீதான். அதனால் இதைப் படித்து முடித்த கையோடு, தம்மாமில் இந்தக் கம்பெனியில் வெல்டராக இருக்கிற அறிவுச்செல்வன் ஆகிய நான், என் கூட வேடியப்பன் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை கேஸ் கட்டிங் செய்தான், எவ்வளவு கனமான தகடு வரை வெட்டுவான் என்று இங்கிலீசில் ஒன்று தமிழில் ஒன்று எழுதி, உன் மேஸ்திரியிடமும் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பு. நானே வெள்ளிமலைக்குக் கொண்டுபோய் பாப்பாத்தி கையில் கொடுப்பேன். கனடா பாரம் நவம்பர் வரை பொறுக்கும். இது நாளைக்கே போகட்டும்.

போகிற இடமெல்லாம் உன் பேரை உன் வேலையோடு சேர்த்துச் சரியாக எழுதட்டும். உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. செவ்வந்தி

சர்ட்டிபிகேட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். அசலை யார் கேட்டாலும் ரசீது வாங்காமல் கொடுக்காதே.