கண்ணாடி இல்லாத படத்தில் வைத்த பொட்டு

பாய்,

இன்று காலை ஒரு பெண் பழைய செய்தித்தாளில் சுற்றிய படம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். பிரித்த மாத்திரத்தில் டர்பன்டைன் வாடை குப்பென்று அடித்தது. சிராங்கூன் ரோட்டுச் சந்தில் இருக்கும் என் பிரேம் கடைக்கு வருவதெல்லாம் சாமி படம், கல்யாணப் படம், பிள்ளைகளின் சான்றிதழ், இறந்தவர்களின் போட்டோ. எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படம் வந்து வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. "இதுக்குக் கண்ணாடி போடணுமா அங்கிள்?" என்று கேட்டாள். "வேண்டாம்மா, இது மூச்சு விடணும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உங்கள் பேச்சு என்று உறைத்தது. அவள் போனதும் கதவைப் பாதி சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

கப்பல்களுக்கு அரிசியும் பருப்பும் கயிறும் ஏற்றி அனுப்புகிற பெரிய வியாபாரி நீங்கள். உங்களுக்கு என் கடையில் என்ன வேலை என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஆர்ச்சர்ட் ரோட்டில் ஏசி போட்ட பிரேம் கடைகள் இருந்தன. "அங்க எல்லாம் படத்தப் பாக்காம சட்டத்தப் பாக்குறாங்க சண்முகம். நீ மொதல்ல படத்தப் பாக்குற" என்றீர்கள். ஐஸ் வைக்கிறீர்கள் என்று தெரிந்தும் எனக்குக் குளிர்ந்துதான் போயிற்று.

உங்கள் வீட்டில் தொழுகை நடக்கும். அதனால் உருவம் வரைந்த படம் எதையும் அங்கே மாட்டுவதில்லை. ஆனால் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் மனித முகங்கள்! இதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. வாங்கிய முகங்களையெல்லாம் சிநேகிதர்களின் வீடுகளில் மாட்டிவைத்தீர்கள். செம்பவாங் கப்பல் பட்டறையில் போர்மனாக இருந்தவர் வீட்டில் ஒரு மீன்காரி. பூன் லேயில், மாதா கோயில் காரியங்களுக்கெல்லாம் முன்னால் நிற்கும் அந்தோணி வாத்தியாரின் அடுக்குமாடி வீட்டில் ஒரு சீனத் தச்சர். இப்படி நாற்பது முகங்கள் தீவு முழுக்கக் குடியிருந்தன. ஞாயிற்றுக்கிழமையானால் அவற்றைப் பார்க்கக் காரில் கிளம்பிவிடுவீர்கள். சொந்தப் படத்தைப் பார்ப்பதற்கு அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்ட பணக்காரர் வேறு யாரையும் நான் கண்டதில்லை. வாத்தியார் மனைவி ஒருமுறை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "முறுக்கு சுட்டு வச்சேன் அண்ணே. பாய் திரும்பிக்கூடப் பாக்கல. செவுத்தையே பாத்துக்கிட்டு டீய மட்டும் குடிச்சிட்டுப் போய்ட்டாரு லா."

எனக்குக் கிடைத்தது மூட்டைக்காரர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழர் ஒருவரை ஒரு சீன ஓவியர் உட்காரவைத்து வரைந்த படம். தலையில் சுற்றிய துண்டு, வெயிலில் காய்ந்த நெற்றி, யாரையும் நம்பாத கண்கள். ஓவியரும் இறந்துபோயிருந்தார். படத்தில் இருப்பவர் யார் என்று நீங்கள் துறைமுகம் முழுக்க விசாரித்துப் பார்த்தீர்கள், பெயர்கூடக் கிடைக்கவில்லை. ஆறு வருஷம் அவர் என் கல்லாவுக்கு மேலே இருந்தார். வருகிறவர்கள் எல்லாம் "உங்க அப்பாவா?" என்று கேட்பார்கள். முதலில் இல்லை இல்லை என்று கதை முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு வாய் வலித்துப்போய் "ஆமா" என்று சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் எனக்கே அப்படித்தான் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் உங்கள் டிரைவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாயின. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்காக அவர் வரிசையில் காத்திருந்தார். முறை வருவதற்குள் போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள் நீங்கள் கடைக்கு வந்தீர்கள். நாற்காலியில் உட்காராமல் மூட்டைக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க. மிஷின் பத்தலையாம் சண்முகம். எல்லாப் படத்தையும் ஏலத்துல விட்டுர்றேன்."

"எல்லாத்தையுமா பாய்?"

"வீட்டுல இருக்கிற கடல் படத்தத் தவிர. அத மட்டும் விட்டுரு, அது என் ஊரு."

உங்கள் வீட்டு முன்னறையில் இருந்த ஒரே படம் அது. சோழமண்டலக் கரை, நான்கு கட்டுமரம், ஆள் நடமாட்டமே இல்லாத மணல். அதற்கு எதிரே போட்ட நாற்காலியில் உங்களைத் தவிர யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஏலம் நடத்த வந்த சீன அம்மையார் படங்களை எல்லாம் பார்வையிட்டார். மற்றவை சேர்ந்து மூன்று இயந்திரங்களுக்குத் தேறும், மூட்டைக்காரர் ஒருவரே தனியாக நான்காவதை வாங்கிக் கொடுத்துவிடுவார் என்றார். உங்கள் முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. நாற்பது படங்களும் புதுச் சட்டம் போட என் கடைக்கு வந்து சேர்ந்தன. நடக்க இடம் இல்லை.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். இறந்தவரின் போட்டோவைச் சட்டம் போட்டு முடித்ததும் கண்ணாடியைத் துடைத்து, நெற்றி இருக்கும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் வீட்டாரிடம் கொடுப்பேன். யாரும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. இருபது வருஷமாக மோதிர விரல் தானாகவே கிண்ணத்துக்குப் போய்விடும்.

ஏலத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கடைசியாக மூட்டைக்காரருக்கு ஆணி அடித்து முடித்தேன். பக்கத்திலேயே வேறொரு வாடிக்கையாளருடைய அப்பாவின் போட்டோ தயாராக நின்றது. அதற்குப் பொட்டு வைத்தேன். அதே கையோடு திரும்பி இவருக்கும் வைத்தேன். விரலுக்குக் கண்ணாடியின் குளிர்ச்சி தெரியவில்லை. துணி மெத்தென்று உள்ளே அமுங்கியது.

எனக்கு உயிரே போய்விட்டது பாய். வேட்டி நுனியால் துடைத்தேன், அது இன்னும் மோசம். சந்தனம் வந்துவிட்டது, குங்குமம் ஓவியரின் தூரிகைக் கோடுகளுக்குள் இறங்கிக்கொண்டது. காசு அகலத்துக்கு நெற்றி நடுவில் சிவப்பு. ஓர் இயந்திரத்தை, அதில் பிழைக்க வேண்டிய யாரோ சிலரை, என் ஒரு விரலால் அழித்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். போன் பண்ணி "வாங்க பாய்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த அம்மையாரையும் கூட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். அவர் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார். நல்ல ஓவியர் ஒருவரைக் கூப்பிட்டு இரவுக்குள் அந்த இடத்தில் மட்டும் வண்ணம் பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது, தானும் வாய் திறக்கப்போவதில்லை என்றார். நீங்கள் படத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தீர்கள். நான் சுவரோரமாக நின்றேன். திட்டப்போகிறீர்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இவரு யாரு பெத்த புள்ளையோ" என்றீர்கள். "எங்க செத்தாரோ. இவருக்கு ஒருத்தரும் பொட்டு வச்சிருக்க மாட்டாங்க சண்முகம். நீ வச்சிட்ட. இருக்கட்டும்."

அம்மையாரிடம் ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள் எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. பூசி மறைத்த சரக்கை நான் எந்தக் கப்பலுக்கும் ஏற்றியதில்லை, நாளைக்கும் ஏற்ற மாட்டேன் என்பது போல இருந்தது.

ஏலம் மறுநாள் சாயங்காலம், ஆர்ச்சர்ட் ரோட்டு ஓட்டல் ஒன்றில். படங்களை வீட்டில் வைத்துப் பாதுகாத்த நாங்கள் அத்தனை பேரையும் நீங்கள் அழைத்திருந்தீர்கள். கடைசி வரிசையில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தோம். அவரவர் படம் மேடைக்கு வரும்போது அவரவர் முதுகு நிமிர்ந்தது. மீன்காரி நல்ல விலைக்குப் போனதும் செம்பவாங் போர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாத்தியார் மனைவி தெரிந்தவர் யாரையோ பார்த்துக் கையைத் தூக்கப் போக, வாத்தியார் பாய்ந்து பிடித்துக் கீழே இறக்கினார். "சும்மா இரு, ஃபிளாட்ட வித்தாலும் பத்தாது!"

பிறகு மூட்டைக்காரர் வந்தார். ஏலச் சுத்தியல் எழும் முன் நீங்கள் எழுந்தீர்கள். நெற்றியில் இருக்கும் சிவப்பு ஓவியர் வைத்தது அல்ல, எங்கள் ஆட்கள் பெரியவர்களின் படத்துக்கு மரியாதையாக வைப்பது, கண்ணாடி போடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவன் நான், ஆகவே தவறு என்னுடையது என்று நிதானமாகச் சொன்னீர்கள். என் பெயர் வரவில்லை. கடை என்ற சொல்கூட வரவில்லை. மண்டபத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து "அது நான்தான்" என்று சொல்ல எனக்கு இரண்டு விநாடி போதும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எதிர்பார்த்ததில் பாதிக்குத்தான் போனது. ஒரு பல் டாக்டர் வாங்கினார். நான்காவது இயந்திரம் கைநழுவியது என்று எனக்குத் தெரிந்தது. நீங்கள் வெளியே போனீர்கள், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து பழையபடி உட்கார்ந்தீர்கள். மீதிப் படங்கள் முடியும் தறுவாயில் உங்கள் மருமகன் படுக்கை விரிப்பில் சுற்றிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். விரிப்பை எடுத்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நான்கு கட்டுமரமும் ஆளில்லாத மணலும். பட்டியலில் இல்லாத அந்தப் படத்துக்கு இரண்டு பேர் விடாமல் போட்டி போட்டார்கள். நான்கு இயந்திரங்களும் வந்தன.

உங்கள் வீட்டம்மா பின்னால் ஒருநாள் எனக்குச் சொன்னார். "போன் பண்ணி அந்தப் படத்தக் கழட்டி அனுப்புன்னாரு. என்னங்க ஆச்சுன்னேன். ஒண்ணும் ஆகல, ஒரு மிஷினு கொறையுது, அவ்வளவுதான்னாரு. நான் தொடச்சு அனுப்புனேன்." அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் முன்னறைச் சுவரைப் பார்த்தேன். ஆணி அப்படியே இருந்தது. உங்கள் நாற்காலியும் அதே இடத்தில், வெறும் சுவரைப் பார்த்தபடி. கடைசிவரை அங்கே வேறு எதையும் நீங்கள் மாட்டவில்லை.

அடுத்த வாரமே கடைக்கு வந்தீர்கள். நான் மன்னிப்பு என்று வாயெடுத்ததும், "டீ சொல்லு லா, தொண்டை காயுது" என்று பேச்சை வெட்டினீர்கள். எப்போது ஆரம்பித்தாலும் ஏதாவது ஒரு டீ, ஒரு பிஸ்கட், ஒரு மழை. நானும் வசதியாக விட்டுவிட்டேன். அதுதான் பத்து வருஷமாக என் நெஞ்சில் கிடக்கிறது. நீங்கள் பெருந்தன்மையாக இருந்தீர்கள், நான் அதன் நிழலில் ஒளிந்துகொண்டேன்.

இப்போது சொல்ல வேண்டியது. அந்தப் பல் டாக்டர் தன்னிடம் உள்ள படங்களைப் பொதுமக்கள் பார்க்க அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்று போன மாதம் பேப்பரில் பார்த்தேன். புதிதாக விட்ட எம்ஆர்டி ரயிலில் ஏறிப் போனேன். மூட்டைக்காரர் நல்ல வெளிச்சத்தில் இருந்தார், சட்டம் நான் போட்டதுதான். முன்னால் பத்துப் பதினைந்து பேரை நிறுத்தி ஒரு தமிழ்ப் பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். நெற்றியின் சிவப்பு உழைப்பாளியின் இரத்தத்தைக் குறிக்கிறதாம். ஓவியர் மிகவும் யோசித்து, கடைசியில்தான் வைத்தாராம். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சும்மா திரும்பியிருக்கலாம். அவர்கள் சொன்னது கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கால் நகரவில்லை.

"அது ஓவியர் வச்சது இல்லம்மா" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "நான் வச்சது. பிரேம் போடுறவன். கண்ணாடி இருக்குன்னு நெனச்சு வச்சிட்டேன்."

கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

"அங்கிள், ஷுவராவா சொல்றீங்க?" என்றாள் அவள். நான் மோதிர விரலைக் காட்டினேன். சிவப்புக்கு நேராகக் காற்றில் வைத்துக் காட்டினேன். அளவு சரியாக இருந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

"அப்போ ஓனர் உங்கள ரொம்பத் திட்டியிருப்பாரே அங்கிள்?"

"திட்டல" என்றேன். "தன் ஊர் கடல் படம் ஒண்ணு வச்சிருந்தாரு. அதக் கொண்டாந்து வித்துட்டாரும்மா."

அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. நோட்டைத் திறந்து பெயர் கேட்டாள். அதை நானே வாங்கி, முதலில் உங்கள் பெயரை எழுதி, அதற்குக் கீழே என் பெயரை எழுதிக் கொடுத்தேன் பாய்.