மன்னிப்புக் கடிதத்தின் பின்பக்கம்

18-8-1977, வியாழன்
குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே போலக் கதிரால் படம் பிடித்த ஃபிலிம் இன்றும் வெளுத்துத்தான் வந்தது. ஃபோர்மேன் ஆதிகேசவன் டார்க் ரூம் வாசலில் நின்று எல்லார் காதிலும் விழக் கத்தினார். "நீ கழுவுற லட்சணம் இதானாம்மா? ஆரம்பாக்கத்துல நாத்து நட்றவங்கள இட்டாந்தா இப்டித்தான்."
நாற்று நட்டது என் அம்மா. நான் பி.யு.சி. பாஸ். மருந்தை இரண்டு தரம் புதிதாகக் கலக்கிவிட்டேன், அதில் தப்பே இல்லை.

19-8
டைப் அடித்த மன்னிப்புக் கடிதம் வந்தது. என் கவனக்குறைவாம். திங்களன்று கையெழுத்து, இல்லாவிட்டால் வேலை இல்லை. நான் ஏன் போடணும்?

21-8, ஞாயிறு
மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. பழைய பௌதிகப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பிடித்துவிட்டேன்!
முன்பு இருந்தது கரண்டில் ஓடும் எக்ஸ்ரே மெஷின், அதற்கு என்றைக்கும் ஒரே நேரம். ஜூன் 12-ல் அதற்குப் பதிலாக, தானே கதிர் விடும் இரிடியம் குளிகை வந்தது. அன்று கதிர் காட்டும் சின்னராசு கதவில் சாக்பீஸால் எழுதிய "6 நிமிஷம்" இன்னும் அப்படியே இருக்கிறது. இரிடியம் அப்படியே இருக்குமா? அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாகிறது — ஒரு எலக்ட்ரான் வெளியே பாய்கிறது. எழுபத்தேழு புரோட்டான் எழுபத்தெட்டாகிவிட்டால் அது பிளாட்டினம். அந்தப் புதுக் கரு அடங்கும்போது விடும் காமாக் கதிர்தான் எங்கள் ஃபிலிமில் விழுவது. அடங்கியது மறுபடி விடாது. பெட்டியோடு வந்த தாளில் போட்டிருக்கிறது: எழுபத்து நாலு நாளில் பாதி மாறிவிடும். கதிர் பாதியானால் நேரம் இரட்டிப்பாக வேண்டாமா?

22-8
கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தின் பின்பக்கத்தில் நாள்வாரியாகக் கணக்குப் போட்டு ஆதிகேசவனிடம் நீட்டினேன்.
"குளிகை அப்டியே கீது, எடையும் கொறையல. பாதி எங்கம்மா பூடும்?"
"எங்கயும் போகல சார். பிளாட்டினமா மாறிக்கினு கீது."
"அப்போ கம்மல் பண்ணிப் போட்டுக்கோயேன்" என்று சின்னராசு சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.
"பன்னெண்டு நிமிஷம் வெச்சுப் பாருங்க சார். தெளிவா வரலன்னா நானே போய்டறேன். ஒங்க கடுதாசி வேணாம்."
ஃபிலிம் கறுப்பாக, பளிச்சென்று வந்தது. வெல்டிங் நடுவில் ஒரு விரிசல். வெளுத்த ஃபிலிமைப் பார்த்துப் போன வாரம் அவர் பாஸ் பண்ணிய அதே குழாய்! ரயிலில் அழுதேன், கோபத்தில்தான்.

25-8
மன்னிப்பு அவர் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்.

7-11, திங்கள்
காலையில் ஆதிகேசவன் சாக்பீஸை என்னிடம் நீட்டினார். "இன்னிக்கு எவ்ளோம்மா?"
"இருபத்து நாலு சார்."
கதவில் நானே எழுதினேன். பக்கத்துச் சுவரில் என் கணக்கை ஒட்டியிருக்கிறார்கள். அவர் டைப் அடித்த பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.